தம்பியை எழுப்பாத காபி மெஷின்

எங்கள் வீட்டு மிக்ஸிக்கு வாய் அதிகம். எனக்கும் வாய் அதிகம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அப்பா என்னை ‘ரேடியோ’ என்றுதான் கூப்பிடுவார். ஆனால் அந்த மிக்ஸியோடு போட்டி போட என்னாலேயே முடியாது.

அம்மா பஸ் ஓட்டுகிறார். காலை ஏழு மணிக்குக் கிளம்பும் முதல் பஸ் அம்மாவுடையது. அதனால் ஆறரைக்கெல்லாம் வீட்டிலிருந்து புறப்பட்டுவிடுவார். திரும்பி வரும்போது மாலையாகிவிடும். வந்த பிறகு தம்பி, துணி, சமையல் என்று ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருக்கும். அம்மாவைப் பிடித்து நாலு வார்த்தை பேசுவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிடும்.

எனக்கென்று இருந்தது காலையில் ஒரு கால் மணி நேரம்தான். அம்மா காபிக்கொட்டையை மிக்ஸியில் அரைப்பார். கண்ணாடிக் கூம்பில் வடிதாளை வைத்து, பொடியைப் போட்டு, வெந்நீரை மெல்லச் சுற்றிச் சுற்றி ஊற்றுவார். பிறகு கப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் பதினைந்து நிமிடத்துக்கு அசையமாட்டார். அந்த நேரம் முழுவதும் நான் பேசுவேன். அம்மா கேட்பார்.

தம்பிக்கு இப்போது எட்டு மாதம். முதல் ஆறு மாதம் இடி விழுந்தாலும் அவன் எழுந்திருக்கமாட்டான். அப்புறம் அவனுக்குக் காது நன்றாகத் திறந்துகொண்டது. மிக்ஸி ‘கர்ர்ர்’ என்று ஆரம்பித்தால் அவன் ‘வீல்’ என்று ஆரம்பித்துவிடுவான். அவனைத் தூக்கி வைத்துச் சமாதானம் செய்வதற்குள் காபி ஆறிப்போகும். மணி ஆறரை ஆகிவிடும்.

ஒரு நாள் அம்மா கப்பை அப்படியே தொட்டியில் கொட்டினார். “இனிமே எனக்குக் காபியே வேணாம். காபி குடிக்கலன்னா பஸ் ஓடாதா என்ன?” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார்.

பஸ் ஓடியது. ஆனால் என் பதினைந்து நிமிடமும் அதோடு ஓடிப்போய்விட்டது. காபி இல்லாததால் அம்மா உட்காரவே இல்லை. நின்றபடியே தலையை வாரி, நின்றபடியே சாப்பிட்டு, என் தலையில் ஒரு முத்தம் வைத்துவிட்டு ஓடினார். இப்படியே இரண்டு மாதம் போனது.

அப்பா சும்மா இருக்கவில்லை. கடையில் அரைத்த பொடி வாங்கி வந்தார். முதல் நாள் வாசனை வீட்டைத் தூக்கியது. ஐந்தாம் நாள், “மரத்தூளைக் குடிக்கிற மாதிரி இருக்கு” என்றார் அம்மா. மாலையே மிக்ஸியில் அரைத்து வைத்தும் பார்த்தார் அப்பா. “பாதி மாவு, பாதி கல்லு. ஒரே வாய்ல கசக்குது, புளிக்குது. விடுங்க” என்று அம்மா சிரித்துவிட்டார்.

அம்மா சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

“எனக்கு அம்மா வேணும்ப்பா. காலையில பதினஞ்சு நிமிஷம். அவ்வளவுதான்” என்றேன் அப்பாவிடம். அழுகை வந்துவிடும் போலிருந்தது.

அப்பா வீடுகளுக்கு வண்ணம் அடிப்பவர். கையிலிருந்த தூரிகையை டப்பாவின் மேல் குறுக்கே வைத்தார். 

“நல்லதா ஒரு காபி அரைக்கிற மெஷின் வாங்கிடுவோம். சனிக்கிழமை அம்மா டியூட்டிக்குப் போனதும் கிளம்பலாம். அவங்களுக்குத் தெரிய வேணாம்.”

சனிக்கிழமை நான், அப்பா, அப்பாவின் நெஞ்சில் கட்டிய துணித் தொட்டிலில் தம்பி, மூன்று பேரும் காபிக் கடைக்குப் போனோம். போகிற வழியிலேயே தம்பி தூங்கிவிட்டான். அப்பா ஆடாமல் அசையாமல், தலையில் தண்ணீர்க் குடம் இருப்பது போல நடந்தார்.

கடையின் வாசலிலேயே வறுத்த கொட்டையின் வாசனை வரவேற்றது. கடைக்கார அக்கா பழுப்பு நிற ஏப்ரன் கட்டியிருந்தார். அலமாரியில் பெரியதும் சின்னதுமாக ஏகப்பட்ட மெஷின்கள்.

அப்பா எதை வாங்கப் போனாலும் முதலில் நிறத்தைத்தான் பார்ப்பார். நேராகப் போய் ஒரு சிவப்பு மெஷின் முன்னால் நின்றார்.

“ரேடியோ, இந்தச் சிவப்பைப் பாரேன்! பழுத்த மிளகாய் நிறம். இதைக் கலந்து எடுக்கறது லேசுப்பட்ட வேலை இல்ல.”

அக்கா சிரித்தார். “சார், அது உங்க வீட்டு மிக்ஸிக்குத் தங்கச்சி. உள்ள இருக்கறது பிளேடுதான். கொட்டையை இஷ்டத்துக்கு வெட்டும். சிலது மாவாயிடும், சிலது கல்லாவே நிக்கும்.”

“அப்போ வேற எப்படி அரைக்கறது?” என்று கேட்டேன்.

அக்கா ஒரு மெஷினைத் திறந்து காட்டினார். உள்ளே எஃகில் செய்த பல் பல்லான கூம்பு ஒன்று, அதைச் சுற்றிப் பல் வைத்த வளையம் ஒன்று.

“இதுக்குப் பேர் பர். ரெண்டுக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கு பாரு. கொட்டை அதுல மாட்டி நொறுங்கும். சந்தைவிடப் பெரிசா இருக்கற எதுவும் வெளிய வர முடியாது. அதனால பொடி எல்லாம் ஒரே அளவா இருக்கும்.”

“சந்தைப் பெரிசு பண்ணா பொடியும் பெரிசா வரும், இல்லையாக்கா?”

“கெட்டிக்காரி! ஆனா ஒரு விஷயம். வீட்டுக்கு எடுத்துட்டுப் போனப்புறம் திருப்பித் தர முடியாது. பொடி பட்டா வாசனை போகாது, வேற யாருக்கும் விக்க முடியாது. அதனால இங்கேயே நல்லாப் பார்த்து எடுங்க.”

 தப்பாக எடுத்துவிட்டால் அவ்வளவுதான்.

அப்போது பக்கத்தில் கொட்டை வாங்க நின்றிருந்த ஒருவர் நடுவில் புகுந்தார். தலையில் பெரிய தொப்பி. கேட்காமலே சொல்லும் குணம்.

“இதுல யோசிக்க என்ன இருக்கு? அதோ அந்தப் பெரிய கரண்ட் மெஷினை எடுங்க. நாப்பது அளவுல அரைக்கும். நாப்பது!”

“எங்கம்மா ஒரே மாதிரிதான் காபி போடுவாங்க. மிச்சம் முப்பத்தொன்பதை என்ன பண்றது?” என்றேன்.

தொப்பிக்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கொட்டைப் பக்கம் திரும்பினார். 

ஆனால் அப்பாவின் கண் அந்தப் பெரிய மெஷின் மேலேயே இருந்தது. அதன் நீல நிறம் அப்படி.

நான் தம்பியைப் பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். எனக்கு ஒரு யோசனை வந்தது.

“அக்கா, தம்பி பக்கத்துலேயே அந்த நீல மெஷினைப் போட்டுப் பார்க்கலாமா?”

“ஐயையோ!” என்றார் அப்பா, ரகசியக் குரலில். “இவனைத் தூங்க வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்!”

“அப்பா, வீட்டுக்குப் போய் முழிச்சான்னா திருப்பித் தர முடியாது. இங்க முழிச்சா இன்னொண்ணைப் பார்க்கலாம்.”

அப்பா பெருமூச்சு விட்டார். அக்கா கொஞ்சம் கொட்டையைப் போட்டுப் பொத்தானை அழுத்தினார்.

மிக்ஸி அளவுக்குச் சத்தம் இல்லைதான். ஆனால் தம்பிக்கு அது போதும். முதலில் ஒரு கண் திறந்தது. பிறகு இரண்டாவது கண். பிறகு வாய்.

கடையே அதிர்ந்தது. அப்பா ஆட்டினார், நான் கிலுகிலுப்பையைக் குலுக்கினேன், அக்கா கரண்டியைக் காட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தாலாட்டுப் பாட ஆரம்பித்தார். பாட்டில் பாதி வார்த்தை அவருக்கே தெரியவில்லை, ‘ம்ம்ம்’ என்று இழுத்து ஒப்பேற்றினார். ஆச்சரியம், தம்பி தூங்கிவிட்டான்.

“எனக்கு அஞ்சு பேரப்பிள்ளைங்க” என்றார் அவர் பெருமையாக.

அடுத்ததாக அக்கா கையால் சுற்றும் மெஷின்களை எடுத்து வைத்தார். முதலில் ஒரு மலிவான கண்ணாடி மெஷின். ‘கரகர’ என்று மெல்லிய சத்தம். தம்பி அசையவே இல்லை. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

“இதுவே போதும்” என்றார் அப்பா.

“இருங்கப்பா. பொடியையும் பார்த்துடுவோம்.”

அக்காவிடம் ஒரு வெள்ளைத்தாள் வாங்கி அதில் பொடியைப் பரப்பினேன். சுவருக்குப் பூசும் பட்டி மாவை அப்பா இப்படித்தான் பரப்பிப் பார்ப்பார். கட்டி இருந்தால் சுவர் கெட்டுவிடும் என்பார்.

அப்பா குனிந்து பார்த்தார். வேலை என்று வந்தால் அவர் கண் தப்பாது. “சே, கட்டியும் தூசியுமா இருக்கு. இந்தப் பட்டியை என் சுவர்ல நான் பூசமாட்டேன்.” கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார். “நடுத் தண்டே ஆடுது பாரு. தண்டு ஆடினா சந்தும் ஆடும், அப்புறம் பொடி எப்படி ஒரே மாதிரி வரும்?”

“சார், நீங்க என் கடைக்கு வேலைக்கு வந்துடுங்க” என்றார் அக்கா.

அடுத்தது குண்டான எஃகு மெஷின். தண்டு கொஞ்சமும் ஆடவில்லை. அக்கா சுற்றினார். தம்பி தூங்கினான். தாளில் பொடி மணல் போல ஒரே சீராக விழுந்தது. அப்பா முகம் மலர்ந்தது.

“நான் ஒரு தடவை சுத்திப் பார்க்கறேன்” என்றேன்.

“நீ எதுக்கு? அம்மாதானே சுத்தப் போறாங்க.”

“அம்மா நாள் பூரா ஸ்டியரிங்கைப் பிடிக்கறாங்க. சாயங்காலம் வந்து மணிக்கட்டைத் தேய்ச்சுக்கறாங்களே, நீங்க பார்த்ததில்லையா? காலையில நான்தான் அரைச்சுக் குடுப்பேன்.”

அப்பா மெஷினை என்னிடம் கொடுத்தார்.

என் ஒரு கைக்குள் அது அடங்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்தால்தான் நின்றது. பிடிக்கவே இரண்டு கையும் போனால், சுற்றுவதற்கு மூன்றாவது கைக்கு எங்கே போவது? மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் வழுக்கியது.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. சத்தம் சரி, பொடி சரி. என் கைதான் சரியில்லை.

“கையை மாத்த முடியாது. மெஷினை மாத்தலாமே” என்றார் அக்கா. உள்ளே போய் ஒல்லியான ஒன்றைக் கொண்டு வந்தார். வெறும் சாம்பல் நிறம். பளபளப்பு இல்லை. அப்பா அதைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“உள்ள அதே எஃகுப் பல்தான். ஒரு தடவைக்கு ஒரு கப்புக்குத்தான் அரைக்கும். ஆனா கைப்பிடி நீளம், அதனால லேசா சுத்தும்” என்றார் அக்கா.

நாற்காலியில் உட்கார்ந்து, மெஷினை இடது கையால் பிடித்து மடியில் ஊன்றிக்கொண்டேன். கைப்பிடியைச் சுற்றினேன். கொஞ்சம் அழுத்த வேண்டியிருந்தது. ஆனால் சுற்றியது! எண்ணிக்கொண்டே சுற்றினேன். தொண்ணூற்றாறாவது சுற்றில் கைப்பிடி சட்டென்று லேசானது. எல்லாம் அரைபட்டுவிட்டது.

தாளில் கொட்டினோம். ஒரே சீர். தம்பி தூக்கத்திலேயே சப்புக்கொட்டினான்.

“சாம்பலும் நல்ல நிறம்தான். எதோடயும் சேரும்” என்றார் அப்பா.

தொப்பிக்காரர் தொண்டையைக் கனைத்தார். “எனக்கும் இதே மாதிரி ஒண்ணு எடுத்து வைம்மா” என்றார் அக்காவிடம்.

கிளம்பும்போது அக்கா என்னிடம் குனிந்து, “தண்ணி மட்டும் படவே கூடாது, சரியா?” என்றார். அப்பா அப்போது தொட்டில் முடிச்சைச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் தலையாட்டினேன். வழியெல்லாம் என்னென்னவோ பேசிக்கொண்டு வந்தேன். அந்த ஒன்றை மட்டும் அப்பாவிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் எதிர்வீட்டுத் தோழியிடம் சொல்ல ஓடினேன். திரும்பி வந்தபோது அப்பா சமையலறையில் விசில் அடித்துக்கொண்டிருந்தார்.

“வா, வா! மெஷினைக் கழுவிப் பளபளன்னு வச்சிருக்கேன். சோப்பு போட்டு ரெண்டு தடவை.”

நான் ஓடிப்போய் மெஷினை எடுத்துப் பார்த்தேன். அப்பா ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் தூரிகைகளைக் கழுவாமல் தூங்கமாட்டார். கழுவாத கருவி அவர் கண்ணுக்குப் பொறுக்காது. மெஷினையும் அப்படியே கழுவிவிட்டார்.

நாலு கொட்டை போட்டுச் சுற்றினேன். பொடி சேறு போலப் பல்லில் அப்பிக்கொண்டது. கைப்பிடி ‘நற’ என்று நின்றுவிட்டது.

“தண்ணி படக்கூடாதுன்னு அக்கா சொன்னாங்கப்பா...”

அப்பா முகத்தில் ஈயாடவில்லை. “பிள்ளையார் பிடிக்கக் குரங்கா முடிஞ்சுபோச்சே! இனி திருப்பியும் தர முடியாது.” ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய அப்பா அப்போது சின்னப் பையன் போல இருந்தார்.

எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. “தப்பு என் மேலயும்தான். ரேடியோன்னு பேர். சொல்ல வேண்டியதைச் சொல்லல” என்றேன். “இருங்க, அக்காவையே கேட்போம்.”

பெட்டியின் மேல் கடையின் தொலைபேசி எண் இருந்தது. விஷயத்தைச் சொன்னேன்.  

“எப்போ கழுவினாங்க?”

“இப்பத்தான். அரை மணி நேரம் இருக்கும்.”

“அப்போ பயப்படாத. துரு பிடிக்க நாளாகும். எல்லாத்தையும் கழட்டித் துடைச்சு, வெயில்ல நல்லாக் காய வை. ஈரம் போனதும் காய்ஞ்ச தூரிகையால பல்லைச் சுத்தம் பண்ணு. அப்புறம் சேர்த்து மாட்டு. மாட்டும்போது சந்தோட அளவை மாத்துற வளையத்தை இறுகுற வரைக்கும் திருப்பிட்டு, அங்கேருந்து ‘டிக் டிக்’னு இருபது சொடுக்கு பின்னால வா. அவ்வளவுதான்.”

“தூரிகையா? எங்க வீட்ல இருபத்தாறு இருக்குக்கா!”

கழற்றும்போது ஒவ்வொரு துண்டாகத் தாளின் மேல் வரிசையாக வைத்தேன். பஸ்ஸுக்கு நிற்கிறவர்களைப் போல, முதலில் வந்தது முதலில், கடைசியில் வந்தது கடைசியில். மாட்டும்போது கடைசியிலிருந்து எடுத்தால் போதும். அப்பா ஒவ்வொன்றாகத் துடைத்து அதே இடத்தில் வைத்தார். ஜன்னலோரம் நல்ல வெயில். நான் காவல் இருந்தேன். மணி நாலரை. அம்மா ஐந்தரைக்கு வந்துவிடுவார்.

எல்லாம் காய்ந்தது. அப்பா புதுத் தூரிகை ஒன்றை எடுத்துப் பல் பல்லாகத் தட்டினார். நான் ஒவ்வொன்றாக மாட்டினேன். நடுவில் கை நின்றது.

வரிசையில் ஒரு இடம் காலி. மெல்லிய வளையம் ஒன்றைக் காணோம்.

நானும் அப்பாவும் ஒரே நேரத்தில் தம்பியைப் பார்த்தோம். அவன் பாயில் உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தான்.

அப்பா ஒரே தாவில் அவனிடம் போனார். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினார். தம்பி கடித்தான். “ஆ! உள்ள ஒரு பல்லுதான் இருக்கு. வேற ஒண்ணும் இல்ல” என்றார் விரலை உதறிக்கொண்டே.

விரலை உதறியதில் அவர் முழங்கையிலிருந்து ஏதோ ‘டிங்’ என்று தரையில் விழுந்தது. துடைக்கும்போது ஈரத்தில் அங்கே போய் ஒட்டியிருக்கிறது! இவ்வளவு நேரமும் அதை முழங்கையில் வைத்துக்கொண்டேதான் நடமாடியிருக்கிறார்.

எனக்கு உயிர் திரும்பி வந்தது. இருவரும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம். தம்பிக்கு எதுவும் புரியவில்லை. ஆனாலும் அவன்தான் அதிகமாகச் சிரித்தான்.

அதையும் மாட்டி, அளவு வளையத்தை இறுக்கி, இருபது சொடுக்கு எண்ணிப் பின்னால் வந்தேன். கொட்டையைப் போட்டேன். சுற்றியது. பொடி உலர்ந்து, சீராக, பொலபொலவென்று விழுந்தது. அப்பா என் தலையைக் கலைத்துவிட்டார். அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்பதற்குள் எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு முன்பே எழுந்துவிட்டேன். சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து சுற்றினேன். ஒன்று, இரண்டு, மூன்று... நடுவில் தம்பி புரண்டு படுத்தான். நான் சுற்றுவதை நிறுத்தினேன். அவன் கட்டை விரலை வாயில் வைத்துக்கொண்டு மறுபடி தூங்கிவிட்டான். விட்ட இடத்திலிருந்து சுற்றினேன்.

அம்மா சீருடையோடு, சீப்பைக் கையில் பிடித்தபடி அவசரமாக உள்ளே வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். மூக்கு முதலில் கண்டுபிடித்தது.

“என்ன வாசனை இது?”

நான் பொடியை நீட்டினேன். அம்மா விரலால் கொஞ்சம் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். தூங்குகிற தம்பியைப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை சிவந்திருந்தது.

“நீயா அரைச்ச?”

“தொண்ணூத்தாறு சுத்து. தினமும் நான்தான் அரைப்பேன். நீங்க உக்காந்து குடிச்சாப் போதும்.”

அம்மா கூம்பை வைத்து வெந்நீரை ஊற்றினார். சொட்டுச் சொட்டாகக் கப் நிறைந்தது. ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். நன்றாக இருக்கிறதா இல்லையா என்று சொல்லவே இல்லை. 

அம்மா சீப்பை மேஜையில் வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியைக் காலால் தன் பக்கம் இழுத்தார்.

“வா, உக்காரு” என்றார். “இன்னும் பதினஞ்சு நிமிஷம் இருக்கு.”

நான் உட்கார்ந்தேன். இரண்டு மாதத்துக் கதையை எங்கிருந்து ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.